அப்பா தலையில் கட்டிய கதை

1

அப்பாக்களுக்கு வகுப்பெடுக்கிற வேலையில் சேர்ந்து இந்த மாதத்தோடு பத்து வருஷம் முடிகிறது. மெல்பர்னில் என்னோடு இதே வேலை செய்கிறவர்கள் கேக் வாங்கி வந்தார்கள். அதன் மேல் ‘ஈலு’ என்று எழுதியிருந்தது. ஏழுமலை என்ற பெயரைப் பத்து வருஷம் சொல்லிக் கொடுத்ததில் தேறியது இவ்வளவுதான். நானும் ஈலு என்று கூப்பிட்டால் திரும்பப் பழகிவிட்டேன். பெயரை விட்டுக்கொடுப்பது பெரிய கஷ்டமில்லை. அதைவிடப் பெரியதையெல்லாம் விட்டுக்கொடுத்தவன் நான்.

என் வேலை என்ன என்று ஊரில் எப்படிச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். தியாகதுருகத்தில் இருக்கும் என் அக்கா செல்வி, யாராவது கேட்டால், தம்பி ஆஸ்திரேலியாவில் அப்பனுங்களுக்கு டியூஷன் எடுக்கிறான் என்பாள். அது ஒன்றும் தப்பில்லை. பிள்ளைகளை அடித்தவர்கள், பிள்ளைகளை மறந்து போனவர்கள், பெண்டாட்டியோடு சண்டை போட்டுப் பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் போனவர்கள் என்று கோர்ட்டும் பள்ளிக்கூடமும் அனுப்பி வைக்கிற ஆண்கள் சனிக்கிழமை காலை என் முன்னால் உட்காருவார்கள். எட்டு வாரம். கையை ஓங்காமல் பேசுவது எப்படி, மன்னிப்புக் கேட்பது எப்படி என்று சொல்லித் தருவேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு முழு வாரம் உண்டு. அந்த வாரம் நான் நன்றாக நடத்துவேன் என்று பெயர்.

கேக்கைத் தின்று முடித்ததும் ‘உன் கதையை இன்னொரு தடவை சொல்லேன்’ என்றார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கதையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

வாரம் முழுக்க அடுத்தவன் வீட்டு அழுக்கைக் கேட்கிறவனுக்கு அதை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். அதற்காகவே எங்களுக்கு ஒரு வட்டம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை பிற்பகல், நூலகத்தின் பின்னறையில், சுற்றுப்பக்கத்து ஊர்களில் இதே வேலை செய்கிற பதினொரு பேரும் நானும் கூடுவோம். நடத்துகிறவர் மார்கரெட் என்ற அம்மாள், முன்னாள் நர்ஸ், அறுபதைத் தாண்டியவர். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது என்பது சட்டம். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் இவர்களைக் கிண்டல் செய்வேனே தவிர, இவர்கள் இல்லாவிட்டால் இரண்டாவது வருஷமே ஓடிப் போயிருப்பேன். என் வகுப்பில் எட்டு வாரமும் ஒழுங்காக உட்கார்ந்து, கடைசி நாள் எனக்குக் கை கொடுத்த ஒருவன், மறுவாரம் போய்ப் பிரிந்த பெண்டாட்டி வீட்டுக் கதவை உடைத்துவிட்டான். உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. மார்கரெட் ஒரு பாத்திரத்தில் சூப்போடு வந்து என் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்தார். நான் அதைக் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. இந்த ஊரில் என் வீட்டுக்கு அழைப்பில்லாமல் வந்த முதல் ஆள் அவர்தான். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் அந்த வட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேருகிறவர் மூன்றாவது கூட்டத்தில் தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவால் பட்ட காயத்தைச் சொல்லாதவன் மற்ற அப்பாக்களுக்குச் சொல்லித் தர லாயக்கில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருவருடைய அப்பா பாட்டிலால் கையை உடைத்திருந்தார். இன்னொருவருடையவர் பால் வாங்கப் போனவர், திரும்பி வரவேயில்லை. மார்கரெட்டின் அப்பா நாலு வருஷம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. என் முறை வந்தது. என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

3

என் அப்பா என்னை ஒரு அடி அடித்ததில்லை. இதை ரொம்ப காலம் ஒரு குறையாகத்தான் வைத்திருந்தேன்.

தியாகதுருகத்துக்கு மேற்கே ஒருத்தருடைய கரும்புக் கொல்லையில் மோட்டார் போடுவதும் தண்ணீர் பாய்ச்சுவதும் அவர் வேலை. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. மோட்டார் கொட்டாய்ச் சாவி எப்போதும் இடுப்புக் கயிற்றில் தொங்கும். நிலத்துக்காரர் மகன் என் வகுப்புதான். என் கண் முன்னாலேயே அவன் என் அப்பாவைப் பேர் சொல்லி, டா போட்டுக் கூப்பிடுவான். அவர் தலையை ஆட்டி ‘சரிங்க’ என்பார். எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலை அவன் மேல் காட்ட முடியாது, அதனால் அப்பா மேல் காட்டுவேன். ஒன்பதாவதில் கணக்கில் பெயிலான ரேங்க் கார்டை அவர் முன்னால் வீசினேன். இப்போதாவது கோபப்படட்டும் என்று நின்றேன். அவர் அதைக் குனிந்து எடுத்து, மண்ணைத் துடைத்து, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார். அவருக்குத் தன் பெயரை வரைய மட்டும்தான் தெரியும், படிக்க வராது. மதிப்பெண்ணைப் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

இப்படி ஓர் அப்பாவை வைத்துக்கொண்டு அந்த வட்டத்தில் என்ன சொல்வது? அவர் ரொம்ப நல்லவர் என்றால் பட்ட காயத்தை மறைக்கிறான் என்று எழுதிக்கொள்வார்கள். அந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

4

சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. ஆனால் அது அப்பா செய்ததில்லை.

நான் இந்த வேலையில் சேருவதற்கு முந்தின வருஷம் நடந்தது. என் மகன் நவீனுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் அம்மா ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பையன் ஒரு மாதமாகச் சாப்பாட்டை அப்படியே குப்பையில் போடுகிறான் என்று. ஏன்டா என்றேன். ‘நாறுது’ என்று இங்கிலீஷில் சொன்னான். நான் விடியற்காலை எழுந்து பிசைந்து வைத்த புளிச்சோறு. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் கராஜில் தள்ளி, வெளியே இருந்து தாழ் போட்டேன். அங்கே பழைய டயர்களும் பெயின்ட் டப்பாக்களும் கிடந்தன. ஜன்னல் கிடையாது. அவன் கதவைத் தட்டினான். நான் உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டினேன். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தபோது அவன் தட்டுவதை நிறுத்தி ரொம்ப நேரம் ஆகியிருந்தது. நனைந்த கால்சட்டையோடு டயர் மேல் உட்கார்ந்திருந்தான். அம்மாவிடம் சொல்லாதே என்றேன். தலையை ஆட்டினான். அச்சு அசல் என் அப்பாவின் தலையாட்டல். அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி கோபம்தான் வந்தது.

இதை வட்டத்தில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. குழந்தைக்கு நடந்த கொடுமையைக் காதால் கேட்டால் அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும், எங்கள் வேலையில் அது சட்டம். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வேலை செய்ய அரசாங்கம் கொடுக்கிற அட்டை ஒன்று உண்டு. அதை வாங்க நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை. கள்ளக்குறிச்சி போலீஸ் ஸ்டேஷனில் நற்சான்றிதழ் வாங்க அக்கா ஐந்து தடவை பஸ் ஏறினாள். நான் வாயைத் திறந்தால் அட்டை போய்விடும். மறுவாரம் சனிக்கிழமை எதிர் நாற்காலியில் நான் உட்கார வேண்டியிருக்கும்.

அதனால் கராஜை மோட்டார் கொட்டாயாக்கினேன். டயரை எடுத்துவிட்டு எண்ணெய் டின் வைத்தேன். புளிச்சோற்றை எடுத்துவிட்டு ரேங்க் கார்டை வைத்தேன். மூன்று மணி நேரத்தை ஒரு முழுப் பகலாக நீட்டினேன். நவீனை எடுத்துவிட்டு என்னை உள்ளே வைத்தேன். பூட்டிய கை மட்டும் பாக்கி இருந்தது. சாவி இருந்த இடுப்பு ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

சொல்லும்போது அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. பதினொரு பேரும் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

5

அன்றிலிருந்து நான் பெரிய ஆள். மாநாடுகளில் பேசக் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கான பயிற்சிப் புத்தகத்தில் ‘பூட்டிய கதவு’ என்று என் கதை, என் பெயரோடும் ஊரோடும் அச்சானது. உண்மையான ஆள், உண்மையான ஊர் என்று இருந்தால்தான் மதிப்பாம்.

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் அப்பாக்களுக்குக் கூட்டம் நடத்துகிற ஒரு தொண்டு நிறுவனம் இருப்பது எனக்குத் தெரியவந்தது. மலைக்காரர்கள் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போய் மாசக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். வரும்போது பிள்ளை பயந்து அம்மா பின்னால் ஒளிந்துகொள்ளும். கீழே களமருதூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் ஓடுகிறவர்களுக்கும் அதே பாடுதான். அவர்களை மரவள்ளிக் கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுகிற ஏழு பேர், மாதம் ஒரு நாள் சின்னசேலத்தில் ரயிலடிக்குப் பக்கத்து மாடி அறையில் தங்களுக்கென்று கூடுகிறார்கள். எங்கள் வட்டத்தை அவர்களோடு திரையில் இணைத்து வைத்தவன் நான்தான். ஊருக்கு ஏதோ செய்கிறேன் என்று பெருமை வேறு. எங்களுக்குப் பிற்பகல் என்றால் அவர்களுக்குக் காலை. இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பது என் வேலை. பயிற்சிப் புத்தகத்தையும் நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது என்கிற தைரியம்தான்.

அந்த ஏழு பேருக்கு மூத்தவர் சடையப்பன். வெள்ளிமலைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். மலையில் அவரை ‘அப்பா கிளாஸ் சார்’ என்பார்கள். அவர்கள் வட்டத்தில் இரண்டு வழக்கம். ஒருத்தர் தன் தப்பைச் சொல்லும்போது ஜோடித்துச் சொல்கிறார் என்று மற்றவர்களுக்குப் பட்டால், அன்றைக்கு டீ கிளாஸ்களை அவர்தான் கழுவ வேண்டும். கேட்டு நாங்கள் சிரித்தோம்.

இரண்டாவது வழக்கத்தைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் இல்லாத அப்பனுடைய தப்பை ஊரில் போய்ச் சொல்லக் கூடாது. அவர் உயிரோடு இருந்தால் நேரில் போய் எதிரில் உட்கார்ந்து, இன்னார் உங்களைப் பற்றி இப்படிச் சொல்லியிருக்கிறார், கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் சொல்லலாம். மெல்பர்னில் யாருக்கும் இப்படி ஒன்று தோன்றியதே இல்லை.

6

ஒரு நாள் சடையப்பனிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்திருந்த குரல் செய்தியை மறுநாள் காலைதான் கேட்டேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“சார், வணக்கம். மலையிலேருந்து காத்தாலயே எறங்கி வந்து உங்க அப்பாவப் பாத்துட்டேன். பொஸ்தகத்துல இருக்கறத அப்டியே படிச்சுக் காட்னேன். யோசிச்சு சொல்றேன்னாருங்க. பொறுமையா சொல்லட்டும்னு வந்துட்டேன்.”

பல் துலக்கிக்கொண்டிருந்தவன் நுரையோடு கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதே அக்காவைக் கூப்பிட்டு, அது பொய் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் வாய் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

நடந்ததைப் பிறகு அக்கா சொன்னாள். சடையப்பன் படித்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். அவர் போன பிறகு அப்பாவிடம், நெசமா என்று ஒரு வார்த்தை கேட்டாராம். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா கீரையை அப்படியே முறத்தோடு வைத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ஐம்பது வருஷம் ஒன்றாக இருந்தவர்கள். ‘படிச்ச பையன், பொஸ்தகத்துல போட்டு பொய் சொல்லுவானா’ என்பதுதான் அம்மாவின் கட்சி. பெற்ற பிள்ளையைப் பூட்டி வைத்தவனுக்குச் சோறு போட மாட்டேன் என்றுவிட்டார். அக்கா தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்பினால் அப்பா திருப்பி அனுப்பிவிட்டுத் தானே பொங்கித் தின்றாராம். ஊரிலும் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஒருத்தன், ‘இன்னா மாமா, சாவி பத்திரமா’ என்று கேட்டிருக்கிறான்.

அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று ஒரு நாள் போன் செய்தேன். அம்மா எடுத்ததும் அழ ஆரம்பித்துவிட்டார்.

“அந்த வருசம் ஜுரம் வந்து பத்து நாள் கெடந்தியேடா, இதனாலதானா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே சாமி. பயந்துக்கினியாடா உள்ள?”

நவீன் பிறந்த பிறகு, நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு, அம்மா என்னைச் சாமி என்று கூப்பிட்டதே இல்லை. எப்போது போன் செய்தாலும் பேரனைப் பற்றித்தான் கேட்பார். அன்றைக்கு அரை மணி நேரம் என்னைப் பற்றியே பேசினார். கேட்கச் சுகமாக இருந்தது. ஆமாம், சுகமாகத்தான் இருந்தது. ‘விடும்மா, பழசு’ என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நவீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுக்கு இப்போது இருபது. வேறு நகரத்தில் மரவேலை கற்றுக்கொள்கிறான். என்னோடு பேசுவது பிறந்த நாளுக்கு ஒரு தடவை. தமிழ் பேசினால் பாதி புரியும், எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் வாராவாரம் தாத்தாவுக்குப் போன் செய்கிறான். இருவரும் என்ன பாஷையில் அவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்ததில்லை.

7

மூன்று மாதம் ஓடியது. இரண்டு வட்டமும் திரையில் கூடிய ஒரு வியாழக்கிழமை சடையப்பன் எழுந்து நின்று பேசினார். மறுபடி தியாகதுருகம் போய்வந்தாராம். பெரியவர், ‘ஆமா, பூட்டுனது நெசந்தான், சொல்லிக்கோங்க’ என்று சம்மதம் கொடுத்துவிட்டாராம். அவருடைய ஒப்புதலை வைத்தே இனிமேல் மலையில் கூட்டம் தொடங்கலாம் என்று இருக்கிறார்கள்.

நான்தானே மொழிபெயர்க்க வேண்டும். என் வாயாலேயே சொன்னேன். நூலகத்துப் பின்னறையில் பதினொரு பேரும் கை தட்டினார்கள். எழுபத்துநாலு வயதுக் கிழவர் ஒத்துக்கொண்டதைக் கேட்டு மார்கரெட் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. அது பொய், என் அப்பா என்னைப் பூட்டவில்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். மார்கரெட் வந்து என் தோளில் கை வைத்தார். அப்பா ஒத்துக்கொள்ளும் நாளில் பிள்ளை பின்வாங்குவது சகஜம்தான், குற்றத்தை அவர் தலையிலிருந்து இறக்கப் பார்க்கிறாய், அவசரமில்லை, நாங்கள் இருக்கிறோம் என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் நம்ப வைத்ததை இனி நானே நினைத்தாலும் அழிக்க முடியாது என்று அப்போது புரிந்தது. பத்து வருஷம் என்னைத் தாங்கிய அதே அன்புதான். அதன் மேல் எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

திரையில் சின்னசேலம் காத்துக்கொண்டிருந்தது. நான் சொன்னதைச் சடையப்பனிடம் தமிழிலும் சொன்னேன். அது பொய்ங்க, அப்பா பூட்டவில்லை என்று. அவர் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

“அப்ப யாரு யாரப் பூட்டுனதுங்க சார்? இவ்ளோ வெவரமா எழுதியிருக்கீங்களே.”

என்ன சொன்னார் என்று மார்கரெட் கேட்டார். அட்டை என் சட்டைப் பையில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

“என் அப்பா ரொம்பத் தைரியசாலி என்கிறார்” என்று மொழிபெயர்த்தேன்.

மறுபடி கை தட்டினார்கள். சடையப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கேட்ட கேள்விக்குக் கை தட்ட மாட்டார்கள் என்று தெரியாதவர் இல்லை அவர்.

“நீங்க தூரத்துல இருக்கீங்க சார். இன்னிக்கு கிளாஸ உங்களுக்குப் பதிலா நானே கழுவிடறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் நாற்காலி மட்டும் திரையில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டேன். ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கத்தினேன். கத்துவதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது என்று கேட்காதீர்கள். அவர் குரலில் கோபம் இல்லை. எப்போதும் போலத்தான் பேசினார்.

“நீ கூப்டு சொல்லுவன்னு மூணு மாசமா பாத்துக்கினு இருந்தேன். சொல்லல. சரி, அவனுக்கு வேண்டியிருக்குது போலன்னு குடுத்துட்டேன்.”

செய்யவில்லை என்று அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நா பண்ணலன்னா அப்ப யாரு பண்ணதுன்னு கேப்பா. அதுக்கும் நான்தான் பதில் சொல்லணுமா?”

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

“ஒம்போது வயசுலயே போன்ல சொல்லிட்டான்டா. உள்ள ஒரே டயர் நாத்தம் தாத்தான்னான். அத நீயா எங்கிட்ட சொல்லுவன்னு பதினோரு வருசமா பாத்துக்கினுதான் இருக்கேன். சரி, கரண்டு வந்துடுச்சி. மோட்டார் போடணும்.”

வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஐந்தாவது வாரப் பாடம். மன்னிப்புக் கேட்பது எப்படி. வழக்கம்போல நன்றாக நடத்தினேன்.

8

மேலே இருக்கும் ஏழு பகுதிகளையும் எழுதி முடித்ததும், பத்திரிகைக்கு அனுப்பும் முன் அக்காவுக்கு அனுப்பினேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டு, அம்மா வீட்டுக்குத் திரும்பட்டும் என்று கேட்டுக்கொண்டேன். இதை எழுதியதற்காகக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை, கராஜ், தாழ், டிவி சத்தம் எல்லாம் எழுதிவிட்டேன் என்று.

இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். அம்மாவிடம் படித்தாயா என்றேன். இல்லை, முதலில் அப்பாவிடம் படித்தேன் என்றாள். கொல்லைக்கே போய், மோட்டார் கொட்டாய் வாசலில் வைத்துப் படித்திருக்கிறாள். அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டிருக்கிறார். சந்தோஷப்பட்டாரா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

“சந்தோசமா? ஒண்ணே ஒண்ணுதான்டா கேட்டாரு. இத நவீனு படிச்சானான்னாரு. அவனுக்குத் தமிழ் படிக்க வராதுப்பான்னேன். அந்த வெள்ளக்காரம்மா படிச்சிச்சான்னாரு. அதுக்கு எப்டிப்பா வரும்னேன். உங்கம்மாவுக்கும் வராது, எனக்கும் வராதுன்னாரு.”

போனில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, குழாயடியில் நின்றிருப்பாள்.

“அப்ப யாருக்குடி எழுதியிருக்கான்னு கேட்டாரு. இன்னான்னு சொல்றது, சொல்லு.”